ஏற்காட்டு மலைப்பாதைக்கு ஒரு பழைய கார்: தேர்ந்தெடுப்பதும், பராமரிப்பதும், பிறருக்கு இடையூறின்றி ஓட்டுவதும்

சேலத்தில் குடியிருப்பவருக்குக் கார் ஓட்டுவதில் ஆசை இருந்தால், அதைத் தீர்த்துக்கொள்ள நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாகச் சென்று அடிவாரத்தைத் தாண்டினால், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு சேர்வராயன் மலைமேல் ஏறும் சாலை தொடங்கிவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் நகரத்தை விட்டுப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்தில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடு ஏரிக்கரையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம். இந்தச் சாலையில் பெரும்பாலான நேரம் இரண்டாவது, மூன்றாவது கியரில், மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் போக முடியும், போகவும் வேண்டும். அந்த வேகத்தில் 150 குதிரைத்திறன் உள்ள புதிய கார் தூங்கி வழியும். தூங்கவிடாமல் அதை விரட்ட நினைப்பவர் எதிரே வருகிறவரின் உயிரைப் பணயம் வைக்கிறார். 40 அல்லது 50 குதிரைத்திறன் உள்ள பழைய காரோ அதே வேகத்தில் தன்னிடம் உள்ளதையெல்லாம் கொடுத்து உழைக்கும். ஓட்டுகிறவரின் கை, கால், காது மூன்றுக்கும் ஓயாமல் வேலை வைக்கும். சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே முழு இன்பத்தையும் தருவதுதான் பழைய காரின் தனிச்சிறப்பு. அப்படிப்பட்ட ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, மலைக்கு எப்படி ஆயத்தப்படுத்துவது, பேருந்துக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் தொல்லை தராமல் எப்படி ஓட்டுவது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1969ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

எந்தக் காரைத் தேடுவது

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் துணிக்கூரையும் இரண்டு இருக்கைகளும் கொண்ட எம்.ஜி.பி.யோ டிரையம்ப் ஸ்பிட்ஃபயரோ பலருக்கு நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை தயாரான அந்த இரண்டும் அந்த நாட்டில் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் கார்கள். நம் நாட்டிலோ அவை அரிதானவை, சேகரிப்பாளர் விலை சொல்லப்படுபவை. இந்தியாவிலேயே அந்த வகையில் தயாரான கார் சான் ஸ்டார்ம்: 1998இல் வந்தது, கண்ணாடியிழை உடல், 1,149 சி.சி. ரெனோ எஞ்சின், 60 குதிரைத்திறன். பார்க்க அழகானது. ஆனால் குறைந்த எண்ணிக்கையிலேயே தயாரானதால், கண்ணாடி உடைந்தாலோ விளக்கு போனாலோ மாற்றுப் பொருளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். முதல் பழைய காராக அதை வாங்கவேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே பெயரில் ஸ்போர்ட்ஸ் என்று இல்லாமல் குணத்தில் அது இருக்கும் கார்களைத் தேடுவதே அறிவுடைமை. ஹெரால்டு அப்படிப்பட்டது. 1961 முதல் சென்னையில் தயாரான இந்தக் காரின் இங்கிலாந்து மூலத்தை வடிவமைத்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். ஸ்பிட்ஃபயரும் அவர் வரைந்ததுதான், ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்ததுதான். எஞ்சின் வெறும் 948 சி.சி. ஆனால் ஏறத்தாழ 25 அடி வட்டத்துக்குள் முழுமையாகத் திரும்பிவிடும். ஆட்டோவைப் போலத் திரும்பும் கார் ஏற்காட்டுக் கொண்டை ஊசிகளில் எவ்வளவு சுகம் என்பதை ஓட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். முன்பக்கத்து மூடி முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால், முன்சக்கரத்தின்மீதே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். சோழவரம் விமானத்தளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஹெரால்டும் ஃபியட்டும் அங்கே ஓடியவை என்பதும் இந்தப் பைத்தியத்துக்கு ஒரு காரணம்.

ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ஹெரால்டைச் சொல்வதில்லை. பிரீமியர் 118 என்.இ.யைச் சொல்வேன். 1985இல் வந்த இந்தக் கார் ஃபியட் 124இன் உடலுக்குள் 1,171 சி.சி. நிசான் எஞ்சினை வைத்தது. பின்சக்கர இயக்கம், நேரான ஸ்டியரிங், சதுரமான உடல், நான்கு மூலைகளும் இருக்கையிலிருந்தே தெரியும் பார்வை. மலைப்பாதையில் தன் காரின் மூலைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிவது பெரிய பலம். அதற்கு அடுத்தது 1993இல் வந்த மாருதி ஜென்: அலுமினிய எஞ்சின், 993 சி.சி., 50 குதிரைத்திறன், முக்கால் டன் எடை. அதற்கான உதிரிப் பொருள்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. சேலத்தில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் இல்லை. கொஞ்சம் கூடுதல் வேகம் வேண்டுவோர் 1999இல் வந்த ஃபோர்டு ஐகான் 1.6ஐயும் 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6ஐயும் பார்க்கலாம். பாலியோ வாங்கினால் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லாதவரை, மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கான்டெஸா என்ற பெரிய காரின்மீது பலருக்கு மோகம் உண்டு. 1,817 சி.சி. இசுசு எஞ்சின் பொருத்தியது நல்ல வண்டி. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் ராஜா. ஏற்காட்டு வளைவுகளில் அதன் நாலரை மீட்டருக்கும் மேலான நீளம் ஒவ்வொரு முறையும் எதிர்ச்சாரியில் கொஞ்சம் கடன் கேட்கும். 1,089 சி.சி. பிரீமியர் பத்மினி ஏறும், இறங்கும், கெட்டுப்போனால் கம்பியும் கயிறும் கொண்டே வீட்டுக்கு வந்துவிடும். ஆனால் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியரை வளைவுக்கு நடுவில் மாற்றப் பழக ஆறு மாதமாவது ஆகும்.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை

காரைப் பார்க்க வருவதாகச் சொல்லும்போதே, எஞ்சினை முன்கூட்டி ஓட்டிவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார், அல்லது அந்த வண்டி குளிர்ந்த நிலையில் கிளம்பாது. கிளப்பிய சில நொடிகள் மட்டும் நீலப்புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். ஓடும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பாலாடை போல வெளுத்திருந்தால் எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் சென்று கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழி ஆகியவற்றில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாதவரிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.

எஞ்சின் கோளாறு பெரிதல்ல. தகரம் அரித்ததுதான் பெரிது. எஞ்சினைப் பிரித்து, லேத்துக்கு அனுப்பி, போர் போட்டு, மீண்டும் பூட்டிவிடலாம். அடிச்சட்டமும் தரைத்தகடும் அரித்துப்போன வண்டிக்கு டிங்கரிங் செலவு முடிவே இல்லாதது. கடற்காற்றுப் படாத, வறண்ட ஊர் சேலம் என்பதால் இங்கேயே வாழ்ந்த கார்கள் பொதுவாகத் தகரத்தில் உறுதியானவை. சென்னையிலிருந்து பளபளவென்று வண்ணம் பூசி வந்ததைவிட, சூரமங்கலத்து வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நின்றதையே நான் விரும்புவேன். ஹெரால்டைப் பொறுத்தவரை உடலைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகளையும் பின்புற மூலைகளையும் திருப்புளியால் தட்டிப் பார்ப்பது கட்டாயம்.

ஹெரால்டில் இன்னொரு சங்கதி உண்டு. அதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முன்சக்கரங்களின் கீழ்முனையில் டிரனியன் என்ற பித்தளைத் துண்டு இருக்கிறது. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் அதன் மரைக்குள் செங்குத்துத் தண்டு திரும்பிக்கொண்டிருக்கும். அதற்குள் 90ஆம் நம்பர் கியர் ஆயில்தான் போகவேண்டும்; கிரீஸ் போகக்கூடாது. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. உள்ளே நீர் தங்கித் தண்டு துருவேறி, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் துப்பாக்கியை எடுக்கும் பழக்கமுள்ள ஒரு பட்டறையில் என் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். சில மாதங்களில் ஸ்டியரிங் கனத்தது. டயர் காற்று குறைவு என்று எண்ணிக்கொண்டு ஏற்காடு வரை இரண்டு முறை போய்வந்தேன். பிறகு பிரித்துப் பார்த்தபோது இடப்புறத் தண்டின் மரையில் பாதி தூளாகி இருந்தது. அன்றிலிருந்து அந்த இரண்டு நிப்பிள்களுக்கும் நானே ஆயில் விடுகிறேன். பட்டறைக்குப் போனால் அவற்றின்மேல் சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். நீங்கள் எந்தக் காரை வாங்கினாலும் அதில் இப்படி ஒரு உயிர்நிலை இருக்கும். அது எது என்று அதே காரைப் பல ஆண்டு வைத்திருந்த ஒருவரிடம் கேட்டு அறிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

காகிதங்களில் சுருக்கமாகச் சில. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு நீங்களே ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது பதிவு அலுவலகத்தில் ஏறியிருக்க வேண்டும். பதிவாகி 15 ஆண்டு முடிந்த தனியார் காருக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியென்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் உள்ள வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிவுசெய்ய 2021இல் விதி வந்திருக்கிறது; 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டுச் செல்லுபடி, வி.ஏ. என்ற எழுத்துகளோடு கௌரவமான எண் பலகை. ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, ரேலி, பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிறுதோறும் மலைக்குப் போக நினைக்கும் எனக்கு அந்தக் கௌரவம் தேவைப்படவில்லை. காப்பீட்டில், தயாரிப்பு நின்றுபோன காரின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசி முடிவுசெய்யலாம் என்பதை மறவாதீர்கள். பேசாமல் கையெழுத்திட்டால் இரும்புக்கடை மதிப்பே கிடைக்கும்.

மலைக்கு ஆயத்தம்

முதலில் பிரேக், பிறகு குளிர்ச்சி, கடைசியாகத்தான் எஞ்சின் வலு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கார்புரேட்டரை மாற்றி, சைலன்சரைத் திறந்துவிட்டு, பிரேக்குக்குப் பணம் இல்லாமல் நிற்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். அப்போது பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துப் புதிதாக ஊற்றுங்கள். அதோடு வீல் சிலிண்டர் ரப்பர்களையும் வளையும் ஹோஸ்களையும் பாருங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கார்களில் பிரேக் சமமாகப் பிடிக்கிறதா என்பதை, போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் மெதுவான வேகத்தில் அழுத்தி, வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா என்று பார்த்து அறியலாம்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் பழைய காரின் டயர் தேய்வதற்கு முன்பே முதுமையடைந்துவிடும். பட்டன் (தரையைப் பற்றும் மேடுகள்) நன்றாக இருக்கிறது என்று பத்து வயது டயரில் மலையேறாதீர்கள்.

குளிர்ச்சிக்கு ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்வது பாதி வேலை. மீதிப் பாதி, வெப்பத்துக்கேற்பத் திறந்து ரேடியேட்டருக்கு நீரை விடும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பார்ப்பது. சூடாகும் வண்டிக்கு அதைக் கழற்றி எறிவதே நம் ஊர் வைத்தியம். அது இல்லாமல் போனால் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாமல் தேய்வதோடு, சில எஞ்சின்களில் நீரோட்டமே வழிமாறி, இன்னும் மோசமாகச் சூடேறும். 82 பாகைக்குத் திறக்கும் நல்லதொன்றைப் போட்டுவிட்டு, அதன்பின்னும் சூடேறினால் காரணத்தைத் தேடுங்கள்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முந்தைய பழைய கார்கள் பலவற்றின் வால்வு இருக்கைகள் (வால்வு மூடும்போது அமரும் விளிம்புகள்) ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுவது நல்லது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமையும் இளக்கிவிடும். எத்தனால் தாங்கும் வைட்டான் குழாய்களுக்கு மாறுங்கள்; வண்டியை மாதக்கணக்கில் டேங்க் நிறைய நிறுத்திவைக்காதீர்கள். எத்தனால் நீரை ஈர்த்து அடியில் தங்கவைக்கும். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு மலை கிடையாது.

சீட் பெல்ட் இல்லாத பழைய காரில் உறுதியான இடத்தில் துளையிட்டு, அடியில் தகடு வைத்துப் பெல்ட் பொருத்துங்கள். மூல வடிவம் கெடுகிறது என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. சைலன்சர் மட்டும் கம்பெனி போட்ட மாதிரியே இருக்கட்டும். ஒலி, புகை வரம்புகளை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தருகிறது. அதைவிட, அதிகாலை ஐந்தரை மணிக்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு உங்கள் எஞ்சின் இசை தேவையில்லை.

ஏறும்போது

உயரம் கூடக்கூடக் காற்று மெலிகிறது. ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. கீழே அளந்த அதே அளவுக்குப் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே மேலே போகப்போகக் கலவையில் காற்றைவிடப் பெட்ரோல் மிஞ்சிக் கொழுத்து, வலு குறைந்து, நின்றபடி ஓடும் ஐடிலில் வண்டி கொஞ்சம் விக்கும். இது கோளாறல்ல. ஏரிக்கரையில் நின்று திருப்புளியால் டியூனிங்கைத் திருகாதீர்கள். அப்படித் திருகிச் சரிசெய்தால் சேலம் திரும்பியதும் கலவை மெலிந்து, வால்வுகள் சூடேறும்.

எஞ்சின் திணறும் வரை பெரிய கியரில் இழுப்பது தவறு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, வளைவு முழுவதும் ஆக்சிலேட்டரில் காலை லேசாக, சீராக வைத்திருங்கள். ஹெரால்டு போன்ற, பின்சக்கரங்கள் ஊஞ்சல்போல் சாய்ந்தாடும் ஊஞ்சல் அச்சுள்ள கார்களுக்கு இது வெறும் நயமல்ல. வேகமாக வளைவுக்குள் போய்விட்டு நடுவில் திடீரெனக் காலை எடுத்தால், பின்பாரம் முன்னே சாய்ந்து, பின்சக்கரம் உள்பக்கம் மடங்கி வால்புறம் வீசிவிடும். சாலை ஈரமாக இருக்கும் மாதங்களில் இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்து உங்களைப்போல் தன் பாதியிலேயே திரும்ப முடியாது. சாலையின் முழு அகலமும் அதற்கு வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் முன்பே தலையைத் தூக்கி மேலடுக்குச் சாலையைப் பாருங்கள். மரங்களுக்கிடையே பேருந்தோ லாரியோ தெரிந்தால், வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னதாகவே இடதோரம் நின்றுவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு நின்றால், அது பின்னே போகவேண்டியிருக்கும்; அதற்குப் பின்னால் பத்து வண்டிகள் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும்; பிறகு நடக்கும் கூச்சலுக்கு நீங்கள்தான் காரணம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும், எதிரே வருவது முழுச் சுமையோடு இறங்கும் லாரியாக இருந்து, ஒதுங்க இடம் உங்கள் பக்கம் இருந்தால், விதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஒதுங்குங்கள்.

உங்கள் வண்டி மெதுவானது என்பதை ஒத்துக்கொள்வதே பழைய கார்க்காரரின் முதல் நாகரிகம். பின்னால் மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டால், அடுத்த அகலமான இடத்தில் இடப்பக்கம் இண்டிகேட்டரைப் போட்டு, முழுமையாக ஒதுங்கி, அவர்களை அனுப்பிவிடுங்கள். அரைநிமிடம் போகும், பிறகு முன்னும் பின்னும் யாருமற்ற சாலை உங்களுக்கே. ஒதுங்காமல், முந்திச் செல்லுங்கள் என்று வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டும் வழக்கம் நம் சாலைகளில் இருக்கிறது. அதையே திரும்பப்போகிறேன் என்பதற்கும் போடுகிறோம். ஒரே விளக்குக்கு இரண்டு பொருள் இருந்தால் ஒருநாள் யாரோ தவறான பொருளை எடுத்துக்கொள்வார்கள். எதிர்ப்புறம் காலி என்று உங்களுக்குத் தெரிந்தாலும், முந்துவதா வேண்டாமா என்பதைப் பின்னால் வருபவரே பார்த்து முடிவுசெய்யட்டும்.

ஹார்ன் பார்வை மறையும் வளைவுக்கு ஒன்று, சின்னதாக. இரவிலும் மூடுபனியிலும் ஹார்னைவிட விளக்கை ஒருமுறை டிம், பிரைட் செய்வது நன்றாகத் தெரியும். மூடுபனிக்குள் பிரைட்டைப் போட்டால் வெள்ளைச்சுவர்தான் தெரியும். டிம்மில், கண்ணாடியை இறக்கிவிட்டு, காதையும் பயன்படுத்தி ஓட்டுங்கள். ஓடிக்கொண்டே நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுவது, நின்ற வண்டி என்று பின்னால் வருபவரை நம்பவைக்கும்.

சூடுமுள் ஏறிவிட்டால் இடம் பார்த்து ஒதுங்குங்கள். ரேடியேட்டர் மூடியை உடனே திறக்காதீர்கள்; இருபது நிமிடமாவது பொறுங்கள். வண்டி சூடாகாமலே இருமி நின்றால், பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைத்திருக்கலாம். ஈரத்துணியைப் பம்ப்பின்மேலும் குழாயின்மேலும் போட்டுவைத்தால் சற்று நேரத்தில் கிளம்பிவிடும். ஆகவே ஐந்து லிட்டர் தண்ணீரும் ஒரு பழைய வேட்டித்துண்டும் டிக்கியில் எப்போதும் இருக்கவேண்டும். முதல் ஆண்டில் என்னிடம் இரண்டும் இல்லை. பேருந்தை நிறுத்தித் தன் தண்ணீர்க் கேனை இறக்கிக் கொடுத்துவிட்டுப்போன ஓட்டுநருக்கு, பிறகு ஒருநாள் ஏற்காடு நிலையத்தில் கேனைத் திருப்பிக் கொடுத்தேன்.

இறங்கும்போது

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கவேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது முற்றிலும் சரி. இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை, பிறகு முழுமையாக விடுவித்து ஆறவிடுங்கள். காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம்முக்கு ஆறும் வாய்ப்பே இராது. விரிந்துபோன டிரம்முக்குள் ஷூ பிடிக்காமல் போகும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவதும் எத்தனை பேர் சொன்னாலும் செய்யக்கூடாதவை. கருகிய வாடை வந்தால் அது எதிரே போன லாரியுடையது என்று சமாதானம் செய்துகொள்ளாமல் நில்லுங்கள்.

மாலையில் இறங்குபவர்கள் காட்டெருமைகளை எதிர்பார்த்தே ஓட்டவேண்டும். காப்பித் தோட்டத்திலிருந்து ஒன்று சாலைக்கு வந்தால் அதற்குப் பின்னால் இன்னும் சில இருக்கும். விளக்கை டிம் செய்து, ஹார்ன் அடிக்காமல், தூரத்தில் நின்று, அவை கடந்துபோகும் வரை காத்திருப்பது ஒன்றே வழி. குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதீர்கள். வளைவில் வண்டிகளைத் துரத்திக்கொண்டு அவை ஓடிவருவது நாம் பழக்கியதுதான். நவம்பர் முதல் சனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். மாலையில் வேலை முடிந்து சாலையோரம் வரிசையாக நடந்துவரும் தொழிலாளர்கள் அருகே வேகத்தைக் குறைத்து, ஈரத்தையோ புழுதியையோ அவர்கள்மேல் வாரியிறைக்காமல் போங்கள்.

மே மாதக் கோடை விழா நாள்களில் மட்டும் பழைய காரை வீட்டிலேயே விட்டுவிடலாம். கிளட்ச்சும் பாழ், பொறுமையும் பாழ். அப்படியும் போகவேண்டுமானால் குப்பனூர் வழியாக ஏறி இறங்கும் மாற்றுப்பாதையின் நிலவரத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நகருக்குள்

ஐந்து ரோட்டிலும் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலும் பழைய காரைக் கண்டதும் இருசக்கர வாகனத்தில் வரும் இளைஞர்கள் ஒருகையில் போனைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓட்டிவருவார்கள். அவர்களுக்காக எஞ்சினை உறுமவைக்காதீர்கள். வேகமெடுத்தால் அவர்களும் எடுப்பார்கள். அடுத்த டீக்கடையில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து காட்டிவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய கார்களின் பின்விளக்கு மங்கலானது. பிரேக் போடும்போது பின்னால் வருபவர் அதைக் கவனிக்காமல் போகலாம். ஆகவே முன்வண்டியிலிருந்து இருமடங்கு இடைவெளி விட்டு, முன்கூட்டியே வேகம் குறையுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது விளக்கோடு கையையும் நீட்டுங்கள். ஆயில் ஒழுகும் வண்டியைக் கடைவாசலில் நிறுத்துவதானால் அடியில் அட்டை போடுங்கள். மலையில் ஒழுகினால் அது அசிங்கத்தோடு நிற்பதில்லை. ஈர வளைவில் இரண்டு சக்கரத்தில் வருகிறவரை அது கீழே தள்ளும்.

மலைச்சாலையில் நிறுத்தும்போதும் ஒரு வேலை இருக்கிறது. சூடான டிரம்மோடு ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரில் விட்டு, முன்சக்கரத்தை மலைப்பக்கம் திருப்பி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுப்போம். புறப்படும் அவசரத்தில் அந்தக் கல்லை அங்கேயே போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இருட்டில் மூடுபனிக்குள் வரும் மொபெட்டுக்கு அது தெரியாது. நான் மரக்கட்டை ஒன்றை வெட்டி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையை டிக்கிக் கைப்பிடியில் மாட்டிவைத்திருக்கிறேன். மறந்து கிளம்பினாலும் அது என் பின்னாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்துவிடும்.